கிள்ளான்காரன் எழுதிய பக்கம்

அரக்கோணத்தில் பெட்டி முழுக்கக் காலியானதை நான் கவனிக்கவில்லை. சென்னையில் ஏறியதிலிருந்து சன்னல் கம்பியில் வழிந்த மழைத்தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூக்கூடையோடு இறங்கப் போன ஒரு அம்மாள் வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கமா போவணும் நீ?"

"திருத்தணி."

"ஐய, இந்த வண்டி இத்தோட சரி. இனிமே மெட்ராஸுக்குத் திரும்பிப் போற வண்டி இது. எறங்கு, எறங்கு. பஸ்ஸு போய்க்கினே இருக்கும்."

மலேசியாவில், எங்கள் கிள்ளானில், ரயில் நிற்பதற்கு முன்பே ஒரு பெண்குரல் இரண்டு மொழியில் அறிவித்துவிடும். இங்கே அந்த வேலையைப் பூக்காரம்மா செய்தார். பெட்டியை இழுத்துக்கொண்டு மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் சேலை முழங்கால்வரை நனைந்துவிட்டது.

பேருந்தில் மாலை போட்ட சாமிகள் நிறையப் பேர். கறுப்பு வேட்டி கட்டிய ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். எந்த ஊர் என்றார். மலேசியா என்றேன்.

"மலேசியாவா! அங்க முருகரு வானத்துக்கும் பூமிக்கும் நிக்கிறாராமே? அவ்ளோ பெரிய முருகர வுட்டுட்டு இங்க இன்னாத்துக்கு வந்தீங்க?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "தம்பியைப் பார்க்க" என்றேன். பத்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஏன் வந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பி திருமாறன் கிள்ளானில் ஒரு கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தான். தொண்ணூற்றைந்தின் கடைசியில் கணினிகளுக்குப் புதிய இயங்குதளம் ஒன்று வந்தது. அந்த ஆண்டு எல்லோருக்கும் அது வேண்டும். கடை வாசலில் ஆட்கள் கணினிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் பத்துப் பன்னிரண்டு ஃப்ளாப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருக வேண்டும். கடைசி ஃப்ளாப்பியில் கோளாறு வந்தாலும் மறுபடியும் முதலிலிருந்து.

அம்மாவுக்கு நீரிழிவு. ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு கிளினிக்குக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருந்தான். அரைமணி, அரைமணி என்று ஆறு மணிக்கு வந்தான். அம்மா சமையலறைத் தரையில் கிடந்தார். நான் பள்ளி அலுவலகத்தில் இருந்தேன், எனக்கும் தெரியாது. ஆனால் கேட்கிற இடத்தில் நான் இருந்தேன், பதில் சொல்கிற இடத்தில் அவன் நின்றான். "அம்மாவைக் கொன்னது நீதான்" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவன் வீட்டில் இல்லை. ஆறு மாதம் கழித்துச் சென்னை முத்திரையோடு ஒரு அஞ்சலட்டை வந்தது. "திருத்தணியில் அம்மாவின் வேண்டுதலை முடித்துவிட்டேன்." அவ்வளவுதான். ஒருமுறையாவது திருத்தணிக்குப் போக வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் வேண்டுதல். முகவரி இல்லை.

திருத்தணிக்குப் பேருந்து வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. மலையின் பாதியை மேகம் மூடியிருந்தது. விடுதியில் துண்டு ஈரமாக இருந்தது, போர்வை அதைவிட ஈரம். கீழே உள்ள உணவகத்தில் இரண்டு இட்லியும் வடைகறியும் சாப்பிட்டேன். தேநீர் என்று என் விரலளவுக் குவளையில் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் ஊரில் ஒரு குவளை தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர், வாங்கினால் ஒரு நாளிதழை முழுக்கப் படித்து முடிக்கலாம். இங்கே தலைப்புச் செய்தியைத் தாண்ட முடியாது.

மறுநாள் காலையில் நான் நேராகத் தேடப் போகவில்லை. மலை ஏறினேன். முந்நூற்று அறுபத்தைந்து படி. ஒரு நாளைக்கு ஒன்று என்று ஆண்டுக் கணக்கு. மலேசியாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவளுக்கு இன்னும் அரை மணி நேரம் தள்ளிப்போட ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஈரப் படியில் பாசி வழுக்கியது. மொட்டை போட்ட தலையில் சந்தனம் பூசிய ஒரு குடும்பம் தெலுங்கில் பாடிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனது. மேலே சன்னதியில் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

என் கைப்பையில் இரண்டு தாள்கள் இருந்தன. செப்டம்பரில் எங்கள் பள்ளி அலுவலகத்தில் பழைய கணினிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்தார்கள். அவற்றில் தமிழ் எழுத்துருவைத் தனியாகப் போட வேண்டியதில்லை, இயங்குதளத்திலேயே இருந்தது. தேடுபொறியின் கட்டத்திலும் தமிழிலேயே தட்டலாம் என்று தமிழாசிரியை ஒருவர் காட்டினார். என்னவாவது அடித்துப் பாருங்கள் என்றார். அவர் போன பிறகு "திருமாறன் கிள்ளான்" என்று அடித்தேன்.

ஒரே ஒரு பக்கம் வந்தது. "திருத்தணிக்கு வருகிறீர்களா?" என்று தலைப்பு. எந்த ரயில் அரக்கோணத்தோடு நிற்கும், மலைப்படியில் எந்த இடத்தில் உட்கார நிழல் இருக்கும், எந்தக் கடையில் பொங்கல் சூடாகக் கிடைக்கும் என்று வரிசையாக எழுதியிருந்தது. கடைசியில்: "எழுதியவன் க. திருமாறன், கிள்ளான்காரன். மலையடிவாரம், திருத்தணி. கிள்ளானிலிருந்து வருபவர்கள் நேராக என்னிடம் வாருங்கள். தங்க இடம் தருகிறேன்."

அந்தப் பக்கத்தின் வலப்புறம் விளம்பரங்கள். கிள்ளானில் வீட்டுக்கடன், ஷா ஆலமில் உடல் எடை குறைக்கும் நிலையம். நான் எந்த ஊரில் உட்கார்ந்து படிக்கிறேன் என்பது விளம்பரத்துக்குத் தெரிந்திருந்தது. தம்பிக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் இருந்த மின்னஞ்சலுக்கு எழுதினேன், பதில் இல்லை. தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து ஒருமுறை படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இரண்டு மாதம் அப்படிப் போனது. பள்ளி விடுமுறை விட்டதும் அந்தப் பக்கத்தை இரண்டு தாளில் அச்செடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆனால் எந்த ரயில் அரக்கோணத்தோடு நிற்கும் என்று அவன் எழுதியிருந்ததை அத்தனை தடவை படித்தும் நான் அந்த ரயிலில்தான் ஏறியிருக்கிறேன்.

மலையடிவாரத்தில் நகல் எடுக்கும் கடை ஒன்றில் அந்தத் தாளைக் காட்டினேன். கடைக்காரருக்கு என் வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கடைசி வரிவரை படித்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் தாளைத் திருப்பித் தந்தார்.

"நேரா போங்க. கொளத்துக்கு முன்னால ஒரு பிரவுசிங் சென்டரு இருக்குது. சுலோச்சனான்னு கேளுங்க. அவங்க சொல்லுவாங்க."

"திருமாறன் அங்க இருக்காரா?"

"அவங்கள கேளுங்கம்மா."

அந்தப் பதிலிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்ததோ என்னவோ, கால் மட்டும் நடந்தது.

கண்ணாடிக் கதவில் ரயில் டிக்கெட், பரீட்சை முடிவு, ஜாதகம், பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று ஒட்டியிருந்தார்கள். உள்ளே பலகைத் தடுப்பு போட்டு ஆறு கணினிகள். கல்லாவில் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம், ஒல்லி, நெற்றியில் திருநீறு மட்டும். ஒரு பெரியவருக்கு ஏதோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன். அவர் போனதும், "சொல்லுங்க மேடம், நெட்டா, பிரிண்ட்டா?" என்றாள்.

தாளை நீட்டினேன். "இவரைப் பாக்கணும். நான் மலேசியாவுலேருந்து வரேன்."

அவள் தாளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். "கிள்ளானா?"

"ஆமா."

"தினம் சாயங்காலம் பக்கத்த தொறந்து பாப்பீங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எந்த நாட்டுலேர்ந்து பாக்கறாங்கன்னு சின்னதா ஒரு கொடி காட்டும் மேடம். ரெண்டு மாசமா மலேசியா கொடி ஒண்ணு, நம்ம மணிக்கு மூணுவாக்குல, உங்க ஊர்ல அஞ்சரை இருக்கும், வந்துகினே இருந்துச்சு. சனி ஞாயிறு வராது. யாரோ ஆபீஸ்ல வேல செய்றவங்கன்னு நெனச்சிக்கினேன்." எழுந்து நின்றாள். "நீங்க கலாவதி அக்காவா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் கல்லாவைச் சுற்றி வெளியே வந்தாள். என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"அவரு இல்ல வதினா. போன வருசம் பொரட்டாசில போயிட்டாரு."

மஞ்சள் காமாலை. காய்ச்சல்தான் என்று மாத்திரை போட்டுக்கொண்டு பத்து நாள் கடையிலேயே உட்கார்ந்திருக்கிறான். திருவள்ளூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது கண் முழுக்க மஞ்சள். நான்கு நாள்தான் இருந்தான். இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல, பக்கத்துத் தடுப்பில் யாரோ அச்சுப்பொறியில் தாள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது நிற்காமல் கரகரத்தது. எனக்கு அழுகை வரவில்லை. "வதினான்னா என்ன?" என்று கேட்டேன். கேட்பதற்கு அதுதான் கிடைத்தது.

"எங்க வூட்டுல தெலுங்கு பேசுவோம். வதினான்னா அண்ணி. வூட்டுக்காரரோட அக்காவ அப்படித்தான் கூப்புடுவோம்." ஒரு நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டாள். "நான் அவரு சம்சாரம்."

சுலோச்சனாவின் குடும்பம் திருவாலங்காட்டுப் பக்கம். கரும்பும் நெல்லும் போடுகிறவர்கள். தட்டச்சு படித்துவிட்டு இந்தக் கடைக்கு வேலைக்கு வந்தவள், இரண்டு ஆண்டு கழித்து அவனையே பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஊர் பேர் தெரியாதவன் என்று அவள் அப்பா மூன்று ஆண்டு பேசவில்லை. செய்தி கேட்டு மருத்துவமனைக்கு முதலில் ஓடிவந்தவர் அவர்தானாம். "எங்க நைனா அவருக்குக் கொள்ளி வச்சாரு. பெத்தவன் மாதிரி வச்சாரு" என்றாள்.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மாடியிலிருந்த வீட்டுக்கு அழைத்துப் போனாள். சோறும் புளிச்சக்கீரைத் தொக்கும். ஆந்திராவை ஒட்டிய ஊர்க் காரம், கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீர் பிறகு நிற்கவில்லை. அவள் மோர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

சுவரோரமாக ஒரு பழைய கணினி துணி போர்த்தி இருந்தது. அவனுடையது. திறந்து காட்டினாள். மெதுவாக எழும்பி, கிள்ளானில் தொண்ணூறுகளில் எல்லா வீட்டிலும் பார்த்த அதே பச்சை நீலத் திரை வந்தது.

"கீழ இருந்த பெட்டியெல்லாம் புதுசா மாத்திட்டோம். இத்த மட்டும் மாத்த வுடமாட்டாரு. தொண்ணூத்தொம்போதுல இந்தப் பக்கத்த எழுதினாரு, அப்ப இருந்த தமிழ் ஃபான்ட்ல. புது பெட்டில அத்தத் தொறந்தா பாதி எழுத்து காணாம போயிடும், மீதி பூச்சி பூச்சியா தெரியும். 'வேணாம் சுலோ, புதுசு வந்தாலே எனுக்கு பயம்'னுவாரு. ஏன்னு சொன்னதில்ல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரு போன பொறவு ஒரு நாள் புது பெட்டில தொறந்தேன். அவரு பேரே படிக்க முடியல. மனசு கேக்கல. இந்தப் பெட்டிய ஒரு பக்கம், அந்தப் பெட்டிய ஒரு பக்கம் வச்சிக்கினு, ஒவ்வொரு வரியா பாத்துப் பாத்து யூனிகோடுல, அதான் எல்லா பெட்டிலயும் தெரியற எழுத்துல, திருப்பி அடிச்சேன். மூணு மாசமாச்சு. தைப்பூசத்தன்னிக்குத்தான் ஏத்தினேன். அவரு மெயிலு பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. போன் நெம்பரும் மாறிப்போச்சு. எடுத்துடலாந்தான். ஆனா அவரு போட்ட எத்தையும் எடுக்க மனசு வர்ல. நான் சேத்தது வெளம்பரம் ஒண்ணுதான். பக்கத்துக்கு வாடக கட்டணுமே. அவரு இருந்திருந்தா திட்டியிருப்பாரு."

பழைய எழுத்துருவில் இருந்தவரை தேடுபொறிக்கு அது தமிழாகவே தெரிந்திருக்காது. ஆங்கிலக் குறிகளின் குப்பை. ஏழு ஆண்டு அந்தப் பக்கம் உலகத்துக்கு முன்னால் விரிந்துதான் கிடந்தது. "என்னிடம் வாருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவன் இறந்த பிறகு, இவள் உட்கார்ந்து அடித்த பிறகுதான் அது தேடினால் கிடைக்கிற பக்கமானது.

இதை நான் சொல்லவில்லை. ஆனால் அவள் நாளெல்லாம் கணினியோடு இருப்பவள்.

"வதினா," என்றாள். "அவரு இருந்தப்பவே வம்பு பண்ணி மாத்தியிருந்தேன்னா, நீங்க முன்னாடியே வந்திருப்பீங்களா?"

இரண்டு மாதக் கொடியைப் பார்த்தவளிடம் பொய் சொல்ல முடியாது.

"நான் தேடல சுலோச்சனா," என்றேன். "ரெண்டாயிரத்துல ஒரு நாள் இங்கிலீஷ்ல அவன் பேரை அடிச்சேன். ஒரு டாக்டர் வந்தார், ஒரு வாத்தியார் வந்தார். இவன் வரல. எனக்கு நிம்மதியா இருந்திச்சு. கிடைச்சா என்ன பேசுறதுன்னு பயம். அதுக்கப்புறம் ஆறு வருஷம் அடிச்சே பாக்கல. நீ எப்ப மாத்தியிருந்தாலும் நான் அப்ப தேடியிருக்க மாட்டேன்."

அம்மா இறந்த நாளைப் பற்றியும், நான் சொன்ன வார்த்தையைப் பற்றியும் சொன்னேன். "அதான் அவரு யாரு வந்தாலும் மொதல்ல 'எத்தினி மணிக்குப் போவணும்'னு கேப்பாரு," என்றாள். "வேலய பாதில போட்டுட்டு அனுப்பிச்சி வச்சிடுவாரு." என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்டுத் தட்டைத் தேய்க்காமல் நின்றுகொண்டிருந்ததை முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அன்று மாலை விடுதியைக் காலி செய்துவிட்டு அங்கேயே தங்கினேன். கிள்ளானிலிருந்து வருகிறவர்களுக்காக அவன் ஒதுக்கிய அறை. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி. பக்கத்தைப் பார்த்துவிட்டு இந்த ஓராண்டில் மூன்று பேர் வந்து தங்கியிருக்கிறார்களாம். திருமாறன் எங்கே என்று கேட்டவர்களிடம், வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள்.

மூன்றாம் நாள் நந்தியாற்றங்கரைக்குப் போனோம். அவனைத் தகனம் செய்த இடம். மழையில் ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. எந்த இடம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. பெண்களை அன்றைக்கு வரவிடவில்லை, அப்பா காட்டியதுதான் என்றாள். இரண்டு பேரும் குத்துமதிப்பாக ஓர் இடத்தில் நின்றோம்.

திரும்பி வரும் வழியில் அந்தப் பக்கத்தைப் பற்றிக் கேட்டேன். அதில் அவன் இன்னும் உயிரோடு இருக்கிறானே, மாற்ற வேண்டாமா என்றேன்.

"மாத்தணும்னு எத்தினியோ தபா ஒக்காந்துட்டேன் வதினா. கை வரமாட்டேங்குது. நானே எழுதிட்டா அப்புறம் நெசமாயிடும்."

"நான் எழுதட்டுமா?"

கடைக்கு வந்ததும் கல்லா கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டு நாற்காலியை எனக்கு விட்டாள். இங்கே விளம்பரங்கள் வேறாக இருந்தன. திருப்பதி தரிசனப் பேருந்து, வரன் தேடும் நிலையம். கடைசி வரிக்குக் கீழே அடித்தேன்: "திருமாறன் காலமாகிவிட்டார்." அடித்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"காலமாகிட்டாருன்னு போட்டுட்டு வுட்டா, வரவங்க அப்படியே திரும்பிப் போயிடுவாங்க" என்றாள். "அந்த ரூம் இருக்குதுன்னு போடுங்க. சுலோச்சனான்னு கேக்கச் சொல்லுங்க. என் நெம்பரு போடுங்க."

போட்டேன். அவளே குனிந்து சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

மறுநாள் அவள் என்னை ரயிலேற்றினாள். நேராகச் சென்னைவரை போகிற வண்டியா என்று இரண்டு பேரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டாள். பொட்டலத்தில் தொக்கு கட்டிக் கொடுத்தாள். விமான நிலையத்தில் அதைப் பெட்டிக்குள் சரியாக மூடாமல் வைத்து, கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது என் துணியெல்லாம் எண்ணெய்.

பள்ளி திறந்ததும் முதல் வேலையாக அவன் பெயரைத் தமிழில் அடித்தேன். பக்கம் மாறியிருந்தது. ஆனால் தேடுபொறி காட்டிய இரண்டு வரிச் சுருக்கத்தில் பழைய வாசகமே இருந்தது. "கிள்ளானிலிருந்து வருபவர்கள் நேராக என்னிடம் வாருங்கள்." அது தன் நகலைப் புதுப்பித்துக்கொள்ளச் சில நாள் ஆகுமாம். தமிழாசிரியை சொன்னார். மறுநாளும் அதேதான், அதற்கு மறுநாளும். எனக்கு அவசரமில்லை. ஒருநாள் சாயங்காலம் அந்த வரி போயிருந்தது. அந்த இடத்தில் நான் எழுதியது இருந்தது.

சுலோச்சனாவைக் கூப்பிட்டேன்.

"மாறிடுச்சு," என்றேன்.

"ஆங், காலைல பாத்தேன் வதினா."

போனில் கடைச் சத்தம் கேட்டது. யாரோ கலர் பிரிண்ட் வருமா என்று கேட்டார்கள். வரும், உக்காருங்க என்று அவள் சொன்னாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அடுத்த லீவு எப்போ வுடுவாங்க உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"மார்ச்ல ஒரு வாரம்."

"அப்ப வெயில் ஆரம்பிச்சிடும் இங்க. பரவால்ல, வாங்க."